முருங்கையில் தொங்கிய சாரம்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கோ அண்ணை என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று மாதமாகக் கரைச்சல் கொடுக்கிறார். அதிபர்மாரைப் பற்றியும் கிரிக்கெட் போட்டிகளைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பேயைப் பற்றி எழுதுகிறேன். 1974-ல் நம் கல்லூரி விடுதியில், எங்கள் ஏழாம் வகுப்புக்காரரோடு ஒரு வருடம் தங்கியிருந்த பேய்.

அது வந்து இறங்கியது ஒரு றங்குப் பெட்டிக்குள். பெட்டிக்குச் சொந்தக்காரனை நாங்கள் சுண்டெலி என்போம். ஆள் சிறிசு, குரல் அதைவிடச் சிறிசு. அவனுடைய அப்பப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்த காலத்தில் மாதம் தவறாமல் அம்புலிமாமா வாங்கியவர். ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் பழைய இதழ்களைப் பிரித்து, விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை மட்டும் எடுத்து, சணல் நூலால் தைத்து, கலண்டர் மட்டையில் அட்டை போட்டுப் பேரனுக்குக் கொடுத்திருந்தார். முப்பத்தெட்டுக் கதைகள். ஒவ்வொன்றிலும் படங்கள். பசை காய்ந்த வாசமும் பூச்சிக்கு வைத்த கற்பூர வாசமும் கலந்து, திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் விருந்து.

அது எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதற்கு இலங்கை அரசு கட்டுப்பாடு போட்டுவிட்டது. கடைகளில் அம்புலிமாமா தொங்கிய கயிறு வெறுங்கயிறாகத் தொங்கியது. அந்தக் கட்டுப்பாட்டால்தான் ஈழத்துப் பத்திரிகைகளும் எழுத்தாளர்களும் தலையெடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியாகவும் இருக்கலாம். பன்னிரண்டு வயதுக்காரனுக்கு அது சுத்த நட்டம்.

ஒரு புத்தகம், பதினாலு பேர். இரண்டு கிழமை அடிபட்டுப் பார்த்துவிட்டுச் சுண்டெலியே ஒரு முடிவுக்கு வந்தான். பிளேட்டால் சணலை அறுத்துப் புத்தகத்தை ஏழு கட்டாகப் பிரித்தான். இரண்டு கட்டிலுக்கு ஒரு கட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் யாரிடம் எது என்று எழுதி வைப்பான். வாடகை கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தொடு என்பது மட்டும்தான் அவன் சட்டம். மாவுக்கும் பாணுக்கும் தட்டுப்பாடான காலம், இரவில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும்தான். நான் கழுவினேன் என்றுதான் சொன்னேன். நான்காம் கட்டுக்குள் ஒரு இளவரசியின் முகத்துக்கு மேலே ஒரு சிவப்பு விரல் அடையாளம் கடைசிவரை இருந்தது. சுண்டெலி அதைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், ஒன்றும் பேசமாட்டான்.

இனி அந்தப் படம். அம்புலிமாமா பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுடுகாடு, இருட்டு, கையில் உருவிய வாளோடு அரசன் நடக்கிறான், தோளில் பிணம். அந்தப் பிணத்துக்குள் வேதாளம். ஒரு துறவி கேட்டதற்காக அரசன் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறான்; வழியில் வேதாளம் கதை சொல்லிப் புதிர் போடும், அரசன் வாய் திறந்து பதில் சொன்னதும் திரும்பிப் போய் மரம் ஏறிவிடும். வேடிக்கை என்னவென்றால், புத்தகத்தின் சொந்தக்காரனுக்கே அந்தப் படத்தைப் பார்க்கப் பயம். கதை தொடங்கும் பக்கத்தை இடது கையால் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் படம் தெரியாதபடி சரிபார்த்துவிட்டு, பிறகுதான் எழுத்தை வாசிப்பான்.

அப்படிப் பயந்தவன்தான் வேதாளத்துக்காக வாதாடியவனும். ஒரு நாள் படிப்பு மணி அடிப்பதற்கு முன் சொன்னான்: “அது நல்ல பேயடா. ராசாவுக்குக் களைப்புத் தெரியாமல் இருக்கத்தானே கதை சொல்லுது.”

“பதில் தெரிஞ்சும் சொல்லாட்டித் தலை வெடிக்குமெண்டு வெருட்டுதே?” என்றேன் நான்.

“வெடிச்சதே? முப்பத்தெட்டுக் கதையில ஒருக்காவெண்டாலும் வெடிச்சதே?”

பதினாலு பேரும் சிரித்தோம். என்னிடம் பதில் இருக்கவில்லை என்பதால் நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். விடுதிக் கிணற்றடிக்கு அப்பால் ஒரு முருங்கை நின்றது. யாழ்ப்பாணத்தில் பேய்க்கென்று ஒதுக்கிய மரங்கள் புளியும் ஆலும்தான், பனையில் முனி இருக்கும்; முருங்கை கறிக்கு. ஒரு அணில் பாய்ந்தாலே கொப்பு முறிகிற மரத்தில் ஓர் அரசன் வாளோடு எப்படி ஏறினான் என்று நாங்கள் கிழமைக்கணக்கில் விவாதித்திருக்கிறோம். ஆனாலும் வேதாளத்தின் மரம் அதுதானே. ஒரு நிலவு நாளில் நான் இடுப்பில் உடுத்தும் வெள்ளைச் சாரத்துக்குள் வைக்கோல் அடைத்து, தலைகீழாக அதில் கட்டிவிட்டேன். இரவு கக்கூசுக்குப் போக அந்த வழியைத் தவிர வேறு வழி கிடையாது. சுண்டெலி போனான். சத்தம் ஒன்றும் வரவில்லை. வராததால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போய்ப் பார்த்தால், கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். மூன்று நாள் காய்ச்சல். விடுதிப் பொறுப்பாசிரியர் எல்லோரையும் வரிசையில் நிற்பாட்டி விசாரித்தார். சாரத்தை நான் அதற்குள் அவிழ்த்து, தோய்த்து, கொடியிலும் போட்டுவிட்டேன். யார் செய்தது என்று கண்டுபிடிக்கப்படவில்லை. காய்ச்சல் மாறி வந்த ஞாயிறு, அவன் வழமைபோல கட்டுகளை மாற்றிக் கொடுத்தான். எனக்கு ஆறாம் கட்டு.

புத்தகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்டுகள் விடுமுறைக்குப் போய்த் திரும்பவில்லை. மிச்சம் ஐந்தும் 1995 ஒக்ரோபரில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது அவன் வீட்டு அலுமாரியோடு நின்றுவிட்டன. அவன் அதற்கு முன்பே பாரிஸ் போய்ச் சேர்ந்திருந்தான், நான் கனடாவில் ஸ்காபரோ.

2020-ல் ஓவியர் சங்கர் சென்னையில் காலமானார். 1924-ல் பிறந்த அந்த மனிதர்தான் அரசனையும் வேதாளத்தையும் நம் கண்ணுக்குள் கொண்டுவந்து வைத்தவர். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் படத்தைப் போட்டார்கள். அதற்குக் கீழே சுண்டெலி எழுதினான்: “கை இப்பவும் தானாப் போகுது.”

அன்றிரவுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கதை எப்படி முடிகிறது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. மூலத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமாவோ அது தீர்ந்த பிறகும் புதுப்புதுக் கதைகளாக எழுதிக்கொண்டே போனது. வேதாளமும் மாதாமாதம் மரம் ஏறிக்கொண்டே இருந்தது. மகளைக் கேட்டேன். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து கதாசரித்சாகரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்துத் தந்தாள். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் எழுதியது.

கடைசிப் புதிரில் ஒரு தகப்பனும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைக் காண்கிறார்கள். பெரிய பாதக்காரி தகப்பனுக்கு, சின்னப் பாதக்காரி மகனுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். பெரிய பாதம் மகளுடையது. சொன்ன சொல் மாறாமல் கல்யாணமும் நடக்கிறது. பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? அரசனுக்குத் தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். (நம் ஊர் ஆச்சிமார் யாரையாவது கேட்டிருந்தால் வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் முறை சொல்லியிருப்பார்கள்.) அவன் வாய் திறக்காததைக் கண்டு வேதாளம் மகிழ்ந்துபோய் உண்மையைச் சொல்கிறது: உன்னை அனுப்பிய துறவி உன்னைத்தான் பலி கொடுக்கப் போகிறான். நிலத்தில் விழுந்து கும்பிடச் சொல்லுவான். நான் அரசன், யாரையும் விழுந்து கும்பிட்டுப் பழக்கமில்லை, நீயே செய்து காட்டு என்று கேள். அவன் விழுந்ததும் வெட்டு. அரசன் அப்படியே செய்து தப்புகிறான்.

நேரத்தைப் பார்க்காமல் பாரிசுக்கு அடித்தேன். அங்கே விடியப்புறம் நாலு மணி. முழுக்கதையையும் சொன்னேன். அவன் இடையில் ஒன்றும் பேசவில்லை. நீ சொன்னதுதான் சரியடா, அது நல்ல பேய்தான் என்றேன். அதற்கும் “ம்” மட்டும்தான். அந்த மௌனம் தாங்காமல், இன்னொரு புதினமும் இருக்கு, வடமொழியில் அந்த மரம் முருங்கையே இல்லையாம், சிம்சபா என்று வேறொரு மரமாம் என்றேன்.

“அப்ப நீ பிழையான மரத்தில எல்லோ சாரத்தைக் கட்டினனீ” என்றான் சுண்டெலி.