சைனிக் பள்ளி விண்ணப்பம்: கடைசி தேதிப் பதற்றம் பிள்ளை மேல் இறங்காமல் இருக்க

அமராவதிநகர் சைனிக் பள்ளியில் (மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிற விடுதிப் பள்ளி) ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கோச்சிங் நல்லது, கணக்குக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றுதான். என் பையன் அந்தத் தேர்வை எழுதி உள்ளே போனவன், அதனால் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: இருப்பிடச் சான்று கையில் இருக்கிறதா, ஓபிசி சான்று வாங்கியாச்சா, பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பெயர் ஏறியிருக்கிறதா? பாதிப் பேர் முழிக்கிறார்கள். தேர்வுக்குத் தயாராவது பிள்ளையின் வேலை, விண்ணப்பத்துக்குத் தயாராவது நம் வேலை. நம் வேலையைத் தள்ளிப்போட்டால் அதன் பதற்றம் எல்லாம் பத்து வயசுப் பிள்ளை தலையில்தான் போய் விடியும்.

முதலில் தேதிக் கணக்கைப் பாருங்கள். இந்த நுழைவுத் தேர்வை நடத்துவது என்டிஏ, அதாவது தேசியத் தேர்வு முகமை. 2024 தேர்வுக்கு விண்ணப்பம் 2023 நவம்பர் 7-இல் தொடங்கி டிசம்பர் 16 வரை என்று அறிவித்தார்கள், தேர்வு ஜனவரி 28. அதற்கு அடுத்த தடவை 2024 டிசம்பர் 24-இல்தான் திறந்தார்கள், கடைசி நாள் 2025 ஜனவரி 13, தேர்வு ஏப்ரல் 5. அதற்கும் அடுத்தது 2025 அக்டோபர் 10 முதல் 30 வரை, தேர்வு 2026 ஜனவரி 18. ஆக, போன வருஷம் இந்த மாசம் வந்தது, இந்த வருஷமும் அப்படித்தான் வரும் என்று காத்திருக்க முடியாது. பிந்தைய இரண்டு தடவையும் கொடுத்தது மூன்று வாரம்தான். அந்த மூன்று வாரமும் எங்கே வந்து உட்காருகிறது பாருங்கள்: ஜனவரி 13 போகி, அக்டோபர் 20 தீபாவளி. இரண்டு தடவையும் கடைசி தேதியைப் பத்து நாள் நீட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் நீட்டுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு சித்திரவதை வேறு இல்லை. அறிவிப்பு வரும் வரை நெஞ்சு படபடப்பு நிற்காது.

விண்ணப்பப் படிவம் ஒரு மணி நேர வேலைதான், சான்றிதழ்தான் மாசக்கணக்கில் இழுக்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாரம் குறையும், ஏனென்றால் சான்றிதழுக்கு என்டிஏ அறிவிப்பு வர வேண்டிய அவசியமே இல்லை. ஜூன் மாசம் பள்ளி திறந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

பிசி, எம்பிசி வீடுகளில் எல்லோரும் விழுகிற இடம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காக நாம் வாங்கி, பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருக்கிற அந்தச் சாதிச் சான்றிதழ் மாநில அரசுக் காரியங்களுக்கானது. சைனிக் பள்ளி மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவதால், 27 சதவீத இடஒதுக்கீட்டைக் கேட்க மத்திய அரசு படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும். அதில் குடும்ப வருமானமும் பார்க்கிறார்கள், அதனால் பழைய சான்று செல்லுபடியாகுமா என்று அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் என்று ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். எங்களுடையது வருவாய் ஆய்வாளர் மேஜையிலேயே படுத்துவிட்டது. அவருக்கு வேறு பணி போட்டிருந்தார்கள். நேரில் போகிறவர்கள் ஒப்புகைச் சீட்டோடு என்டிஏ அறிவிப்பில் கடைசி தேதி இருக்கிற பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். "அவசரம் சார்" என்று பத்து தடவை சொல்வதைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும். எங்கள் கோப்பு நகர்ந்தது அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான்.

அப்புறம் இனிஷியல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி இது. பிறப்புச் சான்றிதழில் வெறும் 'கவின்', ஆதாரில் அப்பா பெயரையும் சேர்த்து 'கவின் செல்வராஜ்', பள்ளிப் பதிவேட்டில் 'எஸ். கவின்' என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாக இருப்பான். படிவத்தை நிரப்புகிற ராத்திரி இதைக் கண்டுபிடித்தால் தூக்கம் போச்சு. பிறப்புச் சான்றிதழை வைத்து மற்றதை ஒத்துப்போக வையுங்கள், ஆதார் திருத்தத்துக்கும் நாள் பிடிக்கும். சிலர் வீட்டில் பிறப்புச் சான்றிதழில் பெயரே இருக்காது, 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கும், ஆஸ்பத்திரியில் பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்க மாட்டோம். அதில் பெயர் சேர்க்க பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், சொந்த ஊரில் பதிந்துவிட்டு வேறு ஊரில் குடியிருந்தால் அதற்கே ஒரு பயணம்.

படிவத்தை பிரவுசிங் சென்டரில் நிரப்புவதில் தப்பே இல்லை, ஆனால் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டு, பிறகு ஹால் டிக்கெட் எடுக்க, திருத்தம் செய்ய, ரிசல்ட் பார்க்க ஓடிபி அவருக்குப் போக, நாம் அவர் கடை திறக்கக் காத்திருந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிவைத்துவிடுங்கள். புகைப்படம், கையெழுத்து, கட்டைவிரல் ரேகை எல்லாவற்றுக்கும் இத்தனை கேபிக்குள் என்று அளவு உண்டு. முதல் நாளே இவற்றை ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டுவைத்தால், கடைசி சாயங்காலம் தளம் திணறும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். பணம் கட்டியதும் வருகிற உறுதிப்படுத்தும் பக்கத்தை எடுத்துவைத்த பிறகுதான் வேலை முடிந்தது என்று அர்த்தம். வங்கியிலிருந்து பணம் போனதாகக் குறுஞ்செய்தி வந்தால் மட்டும் போதாது.

இதெல்லாம் காகித வேலை. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வீட்டுக்குள் நடப்பது.

சான்று நிலுவையில் கிடந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் போனில் அவர் தம்பியிடம், "இன்னும் ஆர்.ஐ. லாகின்லயே நிக்குதுப்பா, இவங்க எடுத்துக்கவே மாட்டாங்க போல" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் கீழே உட்கார்ந்து நுண்ணறிவு வினாத்தாளில் கண்ணாடிப் பிம்பக் கேள்விகளைப் போட்டுக்கொண்டிருந்தான். பென்சிலை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, மாடல் டெஸ்ட்ல நான் கம்மியா எடுத்ததாலயா என்னை எடுத்துக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டான். அவனுக்கு ஆர்.ஐ. யார், என்டிஏ யார் என்று என்ன தெரியும்? வீட்டில் பெரியவர்கள் முகம் சுண்டிப் போயிருந்தால் பிள்ளைகள் காரணத்தைத் தங்களுக்குள்ளேதான் தேடுகிறார்கள்.

அன்றைக்கே ஒரு ஏற்பாடு செய்தோம். விண்ணப்ப வேலை முழுக்க அவர் பொறுப்பு, படிப்பும் சாப்பாடும் தூக்கமும் என் பொறுப்பு. காகிதப் பேச்சு பையன் தூங்கின பிறகு மட்டும். ஒரே வேலையை இரண்டு பேரும் அரைகுறையாகப் பார்த்து, "நீ பார்த்திருப்பேன்னு நினைச்சேன்" என்று மாறி மாறிக் குறை சொல்வது அதோடு நின்றது. பையனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம்: "ஒரு சர்டிபிகேட் ஆபீசுல மாட்டியிருக்கு, அது அப்பா வேலை. உன் வேலை கணக்கு." அவன் நிம்மதியாகத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். ஆறாம் வகுப்புத் தேர்வில் 300 மதிப்பெண்ணில் 150 கணக்குக்கு மட்டுமே, அந்தப் பயிற்சி இரண்டு வாரம் தடைப்பட்டால் அது நேராக மதிப்பெண்ணில் தெரியும். (தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகள் ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், தப்பு விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. பயந்து ஒதுங்குகிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.)

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோச்சிங் குழுவில் ராத்திரி பதினோரு மணிக்கு "தேதி நீட்டிப்பு உறுதி" என்று ஒருவர் போடுவார், காலையில் இன்னொருவர் "இல்லையாம்" என்பார், நடுவில் யாரோ தன் பிள்ளையின் மாடல் டெஸ்ட் மதிப்பெண்ணைப் போட்டு நம் வயிற்றில் புளியைக் கரைப்பார். தேதிக்கு என்டிஏ தளம் மட்டும் போதும், ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் தாராளம். குழுவை மியூட் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள், ஒன்றும் குடி முழுகியிருக்காது.

இன்னொரு பாரம், வெளியே தெரியாதது. "பத்து வயசுப் பையனைக் கொண்டுபோய் விடுதியில விடணுமா?" என்று பாட்டி கேட்பார். நமக்குள்ளும் அதே கேள்விதான் ஓடும். கடைசி தேதி நெருங்க நெருங்க, இன்றைக்கே வாழ்நாள் முடிவை எடுக்க வேண்டும் என்பது போல மூச்சு முட்டும். அப்படி இல்லை. விண்ணப்பம் போடுவது ஒரு வாய்ப்பைத் திறந்துவைப்பது, அவ்வளவுதான். தேர்வு, மதிப்பெண், கலந்தாய்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டி இடம் கிடைத்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம். அனுப்புவதா வேண்டாமா என்ற பேச்சை விண்ணப்ப நாட்களில் எடுக்காதீர்கள், அதற்கு முன்னாலோ பின்னாலோ நிதானமாகப் பேசுங்கள். முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் உடுமலைப்பேட்டை வழியாக அமராவதி அணைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். 1962 முதல் அந்த மலையடிவாரத்தில்தான் பள்ளி இருக்கிறது. எங்கே போகப் போகிறோம் என்று கண்ணால் பார்த்த பிள்ளை கேட்கிற கேள்விகளே வேறு. இப்போது பெண் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள், மகளுக்கு முடியாது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

தேர்வு முடிந்ததும் மூச்சுவிடுகிற சந்தோஷத்தில் பலர் கோட்டைவிடுவது கலந்தாய்வை. தேர்வு எழுதினால் அது தானாக வந்துவிடாது. வேறு தளத்தில் தனியாகப் பதிவு செய்து, பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், அதற்கும் சுருக்கமான கடைசி தேதி உண்டு. அமராவதிநகர் பள்ளியில் 67 சதவீத இடம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு, அதனால்தான் இருப்பிடச் சான்றுக்கு இவ்வளவு முக்கியத்துவம். டேராடூனில் இருக்கிற ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரிக்கும் (ஆர்ஐஎம்சி) சேர்த்து முயல்கிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் படிவம் டேராடூனிலிருந்து தபாலில் வந்து, நிரப்பி, சென்னையில் டிஎன்பிஎஸ்சிக்குப் போய்ச் சேர வேண்டும். தபால் நாட்களைக் கழித்துத்தான் கடைசி தேதியைக் கணக்குப் போடணும்.

எல்லாம் செய்தும் தேதி தவறிப்போனால்? வயசைப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்கு, சேருகிற வருஷம் மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். 2026 சேர்க்கைக்கு 2014 ஏப்ரல் 1 முதல் 2016 மார்ச் 31 வரை பிறந்தவர்கள் எழுதலாம் என்று வைத்திருந்தார்கள். ஆகவே பல பிள்ளைகளுக்கு இன்னொரு வருஷம் கையில் இருக்கும், ஆறாம் வகுப்பைத் திரும்பப் படிக்க மனம் ஒப்பினால். அதுவும் போனால் ஒன்பதாம் வகுப்பில் 13 முதல் 15 வயதுக்கு மறுபடி ஒரு கதவு திறக்கும், ஆனால் அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான், அதை மனதில் வைத்து இப்போதிருந்தே ஆங்கிலத்தில் படிக்கப் பழக்க வேண்டும். பிள்ளையிடம் சொல்லும்போது, "காகிதம் நேரத்துக்கு வரல, உன் படிப்புல ஒரு குறையும் இல்ல" என்று பச்சையாகச் சொல்லிவிடுங்கள். சேர்க்கை முழுசாக முடிகிற வரை, இப்போது படிக்கிற பள்ளியில் ஆறாம் வகுப்பு இடத்தையும் விட்டுவிடாதீர்கள், டிசியும் கேட்காதீர்கள்.