முப்பத்தொரு வீடுகள்

அந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நூறு பேர்கூட இல்லாத இடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆட்களின் பெயரைச் சொன்ன மாதிரிதான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வடகிழக்குப் பக்கம் இருக்கிறது, சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் மாடுகளும் என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

அப்போது நான் லிங்கன் நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தண்ணீர்க் குழாய், சாக்கடை, தீயணைப்பு வண்டி என்று ஏதாவது ஒன்றுக்கு அரசுப் பணம் கேட்கும் சிற்றூர்களுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். விண்ணப்பத்தின் முதல் இரண்டு பக்கங்கள் என் பொறுப்பு: மக்கள்தொகை, வயது, வருமானம், வேலை, வீடுகள். சென்சஸ் துறையின் தளத்திலிருந்து எண்களை இறக்கி, அட்டவணை போட்டு, கீழே நாலு வரி எழுதினால் முடிந்தது. ஒரு ஊருக்கு அரை நாள். முதல் மூன்று வருஷம் எந்த ஊரையும் நேரில் பார்க்காமலே எழுதினேன்.

இந்த ஊருக்குத் தேவைப்பட்டது புதுக் கிணறும் குழாய்களும். வயலில் போடும் உரமும் மாட்டுச் சாணமும் பல வருஷமாக நிலத்தடியில் இறங்கியதால் கிணற்று நீரில் நைட்ரேட் ஏறிவிட்டது. குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் நைட்ரஜன் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் வரம்பு. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். அதனால் குழந்தை உள்ள வீட்டில் பாட்டில் தண்ணீர்தான்.

மத்திய அரசு மாநிலங்கள் வழியாகத் தரும் சமுதாய வளர்ச்சி மானியத்தில் இதற்குப் பணம் உண்டு. பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும். பயன்பெறும் மக்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் குறைந்த அல்லது நடுத்தர வருமானக்காரர்களாக இருக்க வேண்டும். அந்த வட்டாரத்துக் குடும்பங்களை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் எவ்வளவோ, அதில் 80 சதவீதத்தைத் தாண்டாதவர்கள் என்று கணக்கு. என் அட்டவணையில் இந்த ஊருக்கு நாற்பது சதவீதம்கூட வரவில்லை. தகுதி இல்லை என்று எழுதி, மேலாளர் கையெழுத்துப் போட்டு, கடிதம் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து ஊர் கிளார்க் அம்மா தொலைபேசியில் அழைத்தார். அறுபதைத் தாண்டியவர், வாரத்தில் எட்டு மணி நேரம்தான் அவருக்கு அந்த வேலை. கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கணக்குக்கு எங்க ஊர்ல யார்கிட்ட கேட்டீங்க?"

என்னிடம் பதில் இல்லை. கோப்பைத் திறந்து பார்த்தேன். சென்சஸ் துறை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு என்று இன்னொரு எண்ணையும் தருகிறது. அட்டவணை பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அந்த நிரலை நான் எப்போதும் நீக்கிவிடுவேன். இந்த ஊருக்கு அந்தப் பிழை வரம்பு முப்பதைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அதாவது உண்மை பத்தாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம். குடிதண்ணீர் கேட்டு வந்த ஊரை, அந்த எண்ணை வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இந்த வருமான எண்கள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் சென்சஸிலிருந்து வருவதில்லை. வருஷம் முழுக்க மாதிரி முறையில் சில வீடுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி எடுக்கும் இன்னொரு கணக்கெடுப்பு இருக்கிறது. 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு அதன் முடிவு வருஷாவருஷம் வரும். அதற்குக் கீழே என்றால் ஐந்து வருஷத்துப் பதில்களைச் சேர்த்து ஒரு மதிப்பீடாகத் தருவார்கள். ஒமாஹா மாதிரி நகரத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். முப்பது வீட்டு ஊரில் எந்த வீட்டுக்குக் கேள்வித்தாள் போனது, யார் நிரப்பி அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்து ஊரே பணக்கார ஊராகவும் ஏழை ஊராகவும் மாறிவிடும்.

சரி, வழி இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. அச்சடித்த எண் ஊரின் நிலைமைக்குப் பொருந்தவில்லை என்றால் ஊரே வீடு வீடாக வருமானக் கணக்கு எடுத்துக் கொடுக்கலாம். இவ்வளவு சின்ன ஊர் என்றால் மாதிரி எடுப்பது செல்லாது, ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கேட்க வேண்டும். மேலாளரிடம் பேசி, இரண்டு சனிக்கிழமைகளை வாங்கிக்கொண்டு காரில் கிளம்பினேன்.

நம் ஊர்ப்பக்கத்துக் கிராமத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஊர்களைப் பார்த்தால் புரியாது. நம்மிடம் வீடுகள் ஒன்றாக இருக்கும், சுற்றி வயல் இருக்கும், விவசாயி ஊருக்குள் இருந்து வயலுக்குப் போவார். இங்கே விவசாயி தன் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். பக்கத்து வீடு ஒரு மைல் தள்ளி. ஊர் எதற்கு என்றால், அவருக்குக் கடை வேண்டும், தபால் ஆபீஸ் வேண்டும், முக்கியமாகத் தானியத்தைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் வேண்டும். இந்தப் பகுதியின் பல ஊர்களை உண்டாக்கியதே ரயில்பாதைதான். குதிரை வண்டியில் தானியம் ஏற்றிக்கொண்டு போய், விற்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் தூரத்தில் ஏழெட்டு மைலுக்கு ஒரு நிறுத்தம் வைத்தார்கள். நிறுத்தத்தின் பக்கத்தில் எலிவேட்டர் என்று இவர்கள் சொல்லும் உயரமான தானியக் கிடங்கு. அதைச் சுற்றிச் சர்ச், பள்ளிக்கூடம், வங்கி, மதுக்கடை.

லாரியும் தார்ச்சாலையும் வந்ததும் அந்த ஏழெட்டு மைல் கணக்குக்கு அர்த்தம் இல்லாமல் போனது. முப்பது மைல் தள்ளி இருக்கிற பெரிய கிடங்கு நல்ல விலை கொடுத்தால் அங்கே போகலாம். டிராக்டர் பெரிதாக ஆக, ஒரு குடும்பம் உழக்கூடிய நிலமும் பெரிதாகியது. 1935-இல் நெப்ராஸ்காவில் ஏறத்தாழ 1,33,000 பண்ணைகள் இருந்தன. 2022 விவசாயக் கணக்கெடுப்பில் 45,000-க்கும் குறைவு, ஒவ்வொன்றும் சராசரியாக ஆயிரம் ஏக்கரை நெருங்குகிறது. நிலம் தரிசாகவில்லை, விளைச்சலும் குறையவில்லை, பல மடங்கு கூடியிருக்கிறது. விளைவிக்க ஆள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இந்த ஊர்கள் சோம்பலால் தேய்ந்தன என்று நகரத்தில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். இவர்கள் வேலையை நன்றாகச் செய்ததன் விலைதான் இது.

அந்த ஊரில் வீடுகள் முப்பத்தொன்று. மூன்று காலி. மீதி இருபத்தெட்டுக் கதவுகளைத் தட்ட வேண்டும். கிளார்க் அம்மா முதல் நாள் என்கூடவே நடந்து வந்தார். எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று யாரிடமும் கேட்கக் கூடாது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, அத்தனை பேர் உள்ள குடும்பத்துக்கான தொகையைக் காட்டி, இதற்கு மேலா கீழா என்று மட்டும் கேட்க வேண்டும். அவர்களே தாளில் குறித்து, மடித்து உறையில் போடுவார்கள். கிளார்க் அம்மா ஒவ்வொரு வாசலிலும் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். ஊர்க்காரர் வருமானம் தன் கண்ணில் படக் கூடாது என்று அவருக்கு.

ஒரு வீட்டில் ஓய்வு பெற்ற விவசாயி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊருக்குள் குடிவந்தவர். இன்னொரு வீட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும், இங்கே பள்ளி மூடி ரொம்ப காலம் ஆகிறது. கூட்டுறவுக் கிடங்கில் வேலை செய்யும் இரண்டு பேர். கவுண்டித் தலைநகரில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் போகும் ஒரு பெண். மதுக்கடை நடத்தும் தம்பதி. அந்தக் கடையில்தான் காலையில் காபி, மதியம் பர்கர், தீயணைப்புத் தொண்டர் படையின் கூட்டம் எல்லாம். மஞ்சள் வீட்டில், மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம், ஐந்து பேர், கடைசிக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனில் இருக்கும் முதியவர்கள். அரசு அட்டவணையில் வரும் 'பொருளாதாரம்' இதுதான். ஊருக்குள் வருகிற பணத்தில் பெரும்பங்கு வயலிலிருந்து நேராக வருவதில்லை, மாதாமாதம் பென்ஷனாகவும் வெளியூர்ச் சம்பளமாகவும் வருகிறது.

கடைசித் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி. தனியாக இருந்தார். தாளைக் குறித்துக் கொடுத்துவிட்டுக் காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். இந்தத் தண்ணீரில் போட்ட காபி, உனக்குப் பயமில்லையே என்று கேட்டார். பெரியவர்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்று தெரியும், குடித்தேன். குழாய் போட்டு முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். மூன்று என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

இருபத்தாறு வீடுகள் பதில் தந்தன. மொத்தம் 58 பேர். வரம்புக்குக் கீழே 33 பேர். 57 சதவீதம். தகுதி உண்டு.

அன்று இரவு மோட்டல் அறையில் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். மஞ்சள் வீட்டின் உறை எது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அந்த மாதிரி ஐந்து பேர் உள்ள ஒரே ஒரு வீடு கீழேயிருந்து மேலே மாறினால் 33 என்பது 28 ஆகிவிடும், 48 சதவீதம். ஊருக்குத் தண்ணீர் இல்லை. நான் சதவீதம் என்று எழுதிக்கொண்டிருந்தது ஒரு வீட்டு ஆண்பிள்ளைக்கு அந்த வருஷம் கூடுதல் வேலை கிடைத்ததா இல்லையா என்பதைத்தான்.

அடுத்த வருஷம், 2022 கோடையில், வேறொரு ஊருக்காக 12-ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது மோனோவியில் நிறுத்தினேன். பாய்ட் கவுண்டியில் உள்ள இந்த ஊர் அமெரிக்காவிலேயே ஒரே ஒருவர் வாழும் ஊராட்சி என்று பெயர் பெற்றது. 1902-இல் ரயில் வந்தபோது உருவாகி, 1930-களில் 150 பேர் வரை இருந்தது. 2000 சென்சஸில் ரூடி ஐலர், எல்சி ஐலர் என்கிற தம்பதி மட்டும். 2004-இல் ரூடி இறந்தார். அதன்பிறகு எல்சிதான் மேயர், கிளார்க், பொருளாளர், நூலகர், மதுக்கடைக்காரர். கடைக்கான உரிமத்துக்கு அவரே விண்ணப்பித்து அவரே ஒப்புதல் தருகிறார். தெருவிளக்குகள் எரிய அவரே வரி விதித்து அவரே கட்டுகிறார். மாநிலத்தின் சாலைப் பணம் வர வேண்டும் என்பதற்காக வருஷா வருஷம் சாலைத் திட்டம் எழுதி அனுப்புகிறார். செய்திகளில் இதை வேடிக்கையாக எழுதுவார்கள். ஊர்க் காகிதங்களோடு மல்லுக்கட்டிய எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. இந்தக் காகிதங்களை அவர் எழுதுவதை நிறுத்தினால் மோனோவி என்கிற ஊருக்காக எழுத வேறு ஆள் இல்லை.

நான் போன அன்று கடை மூடியிருந்தது. பக்கத்தில் ரூடியின் ஐயாயிரம் புத்தகங்கள் உள்ள சின்ன வெள்ளை நூலகத்தை வெளியிலிருந்து பார்த்தேன். கூரை சரிந்த வீடுகள், ஆள் அரவமில்லாத சர்ச்.

2020 சென்சஸ் மோனோவியில் இரண்டு பேர் என்று வெளியிட்டது. எனக்குத் தெரியாமல் இங்கே யார் ஒளிந்திருக்கிறார்கள் என்கிற மாதிரி எல்சி கேட்டது செய்தித்தாளில் வந்தது. அது எண்ணியவர்களின் தவறு இல்லை. தனி ஆளின் விவரத்தை வெளியே விடக் கூடாது என்று சென்சஸ் சட்டம் சொல்கிறது. ஒரே ஆள் உள்ள ஊரில் ஊரின் வயது என்றால் அவர் வயது, ஊரின் இனம் என்றால் அவர் இனம். அதனால் 2020-இல் சிறிய இடங்களின் எண்களில் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வேண்டுமென்றே கலைத்து வெளியிட்டார்கள். மாநிலத்தின் மொத்தம் 19,61,504 அப்படியே இருக்கும், வீடுகளின் எண்ணிக்கையும் மாறாது, ஊரில் எத்தனை பேர் என்பது மட்டும் மாறலாம். அந்தச் சட்டம் சரி என்றே நினைக்கிறேன். கிளார்க் அம்மா படிக்குக் கீழே நின்றதும் அதே காரணத்துக்காகத்தான். ஆனால் அந்த எண்ணை எடுத்து ஒரு ஊரின் தலையெழுத்தை எழுதும் என்னைப் போன்றவர்கள், அது கலைத்த எண் என்பதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். அதன்பிறகு எந்த அட்டவணையிலும் பிழை வரம்பு நிரலை நான் நீக்கவில்லை. இருநூறு பேருக்குக் கீழே உள்ள ஊர் என்றால் முதலில் கிளார்க்குக்குப் போன் செய்வேன்.

அந்த முப்பத்தொரு வீட்டு ஊருக்கு மானியம் கிடைத்தது. அது முழுச் செலவுக்கும் போதாது. மீதிக்கு மத்திய விவசாயத் துறையின் ஊரக வளர்ச்சிப் பிரிவில் நாற்பது வருஷக் கடன். ஊரில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நாற்பது வருஷம் கழித்து யார் கட்டுவார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. அங்கே வந்திருந்த எல்லாரும் கை தூக்கினார்கள். தவணையையும் பராமரிப்பையும் சேர்த்து வருஷத்துக்கு 21,000 டாலர். இருபத்தெட்டு இணைப்புகள். மாதம் வீட்டுக்கு 62 டாலர் 50 சென்ட் என்று கட்டணத் தாள் தயாரித்துக் கொடுத்தேன்.

குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்த வாரம் கிளார்க் அம்மா அழைத்தார். கடைசித் தெருப் பாட்டி இறந்துவிட்டார் என்றார். பிள்ளைகள் டென்வரில் இருக்கிறார்கள், வீட்டை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த வீடு வரை குழாய் போடத்தான் போகிறார்கள், வரைபடம் மாறாது. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கட்டணத் தாளை மட்டும் மாற்றி அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

கோப்பைத் திறந்து 28-ஐ அழித்து 27 என்று அடித்தேன். மாதம் 64 டாலர் 81 சென்ட் வந்தது.