மணமுறிவும் வரிக் கணக்கும்

சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு செய்திருந்த ஒரு தம்பதியின் ஒப்பந்த வரைவு சென்ற மாதம் என் மேசைக்கு வந்தது. ராணிப்பேட்டையில் தோல் தொழில், காட்பாடி காந்தி நகரில் வீடு, பங்குகள் என்று சொத்துக்குக் குறைவில்லை. வரியை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

முதல் பத்தியிலேயே மாதம் 2 லட்சம் ரூபாய் ஜீவனாம்சம் என்றிருந்தது. பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் காட்டிய வழியில், மாதந்தோறும் பெறும் ஜீவனாம்சம் வருமானமாகவும், ஒரே தொகையாகப் பெறுவது வரிக்குள் வராத மூலதன வரவாகவும் கொள்ளப்படுகின்றன. கொடுப்பவருக்கோ இரண்டிலும் கழிவு கிடையாது.

கணவர் வீட்டை மனைவிக்கு எழுதித்தரும் விஷயம் இன்னும் நுணுக்கமானது. மணவுறவு நீடிக்கும்வரை ஒருவர் மற்றவருக்குத் தரும் கொடைக்கு வரி இல்லை. விவாகரத்துத் தீர்ப்பாணை வந்தபின் அவர் சட்டத்தின் கண்ணில் உறவினர் அல்லர் என்பதால், 50,000 ரூபாயைத் தாண்டும் கொடை பெற்றவரின் வருமானத்தில் சேரக்கூடும். ஆகவே வீட்டைக் கொடையாக எழுதித்தரும் செட்டில்மென்ட் பத்திரத்தை முன்கூட்டியே பதிவு செய்யவும், பிரிந்து வாழும் உடன்படிக்கையின்பேரில் எழுதப்படுவதை அதில் தெளிவாகக் குறிப்பிடவும் சொன்னேன். இல்லையேல் தீர்ப்பாணை வரும்வரை அந்த வீட்டின் வாடகை கணவர் கணக்கிலேயே ஏறும்.

பலரும் கோட்டை விடுவது அடக்கவிலையில்தான். வீட்டைப் பெற்றவர் பின்னாளில் விற்றால், கணவர் அன்று வாங்கிய விலையிலிருந்தே லாபம் கணக்கிடப்படும். எனவே ஒரு கோடி ரூபாய் வீடும் ஒரு கோடி ரூபாய் ரொக்கமும் சமமல்ல. அந்த அம்மையார் மூலப்பத்திரத்தைப் புரட்டி, 2004இல் கொடுத்த விலையின்மேல் விரலை வைத்தபடி, "அப்படியானால் பணமாகவே கேட்டுவிடலாமா, சார்?" என்றார்.