பச்சைப் புகை

2008 பிப்ரவரியில் பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியின் ருவோஹொலாத்திப் பக்கம் ஒண்டுக் குடித்தனம். ஜன்னலுக்கு நேரே சல்மிசாரி அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பார்த்தால் புகை பச்சையாக இருந்தது. ஏதோ விஷ வாயு கசிந்துவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன்.

ஹெஹே என்ற பெயரில் சேர்ந்து இயங்கும் கலைஞர்கள் ஹெலன் எவன்ஸ், ஹைகோ ஹான்சன் இருவரின் கைவேலை அது. பெயர் 'நுவாஜ் வேர்', அதாவது பச்சை மேகம். வெப்பக் கேமரா புகையின் உருவத்தைப் பிடிக்கும். அதன் விளிம்பை லேசர் வரையும். காற்றில் புகை நெளிந்தால் கோடும் நெளியும். இதில் ஒரு குசும்பும் உண்டு. அக்கம்பக்கத்தில் மின்சாரச் செலவு குறையக் குறையப் பச்சை பெரிதாகும்.

29ஆம் தேதி வெள்ளி, பச்சை மேகத்தின் கடைசி நாள். மாலை ஒரு மணி நேரம் எல்லோரும் மின்சாதனங்களை அணைக்க வேண்டும் என்று அழைப்பு. வந்தது வினை! எங்கள் கட்டடத்தின் பொது சானாவில், அதாவது வெப்பக் குளியல் அறையில், எங்கள் முறையும் அதே வெள்ளி, அதே நேரம். சானா ஹீட்டர் குடிக்கும் மின்சாரத்துக்கு முன்னால் எங்கள் விளக்கெல்லாம் கொசு. அறைத்தோழன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சானாவுக்குப் போய்விட்டான். நான் பனியில் கால் விறைக்க நின்று மேகத்தைப் பார்த்தேன். அவன் வியர்த்த வியர்வையில் மேகம் எத்தனை அங்குலம் சுருங்கியதோ!

சுமார் 4,000 பேர் கலந்துகொண்டதாகவும் மின்சாரத் தேவை 800 கிலோவோல்ட்-ஆம்பியர் குறைந்ததாகவும் பிறகு படித்தேன். அந்த ஆண்டே ஆஸ்திரியாவின் மின்கலை விழாவான ஆர்ஸ் எலக்ட்ரோனிகாவின் கோல்டன் நிகா விருதும் கிடைத்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. கரியை எரிப்பது ஆலை; அணைக்க வேண்டியது நாங்களா? ஹெஹே இதையே 2010இல் பாரிஸை ஒட்டிய இவ்ரியில், குப்பை எரிக்கும் ஆலையின் புகைமேல், அனுமதி இல்லாமலே செய்தார்கள். எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடித்தது.

பச்சை மேகம் பார்த்த அன்றிரவு போனில் சொன்னபோது அம்மா கேட்டாள்: "பச்சையா அடிச்சா கரி போயிடுமாடா?"

2025இல் சல்மிசாரியில் கரி எரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதையும் சொன்னேன்.

"பாத்தியா, பச்சை அடிச்சதாலதானே?"

இல்லைம்மா, 2029 மே மாதத்திலிருந்து மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் கரியே கூடாதென்று சட்டம் போட்டிருக்கிறார்கள், புகைக்கு வேறு காசு கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவளுக்கு சீரியல் வந்துவிட்டது.