காற்றில் தேடினேன், தலையணையில் இருந்தது

காலையில் கண் விழித்ததும் அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் எல்லாம் தணிந்துவிடும். பல ஆண்டுகளாக இதைச் சளி என்றே எண்ணியிருந்த எனக்கு, தோலில் லேசாக ஊசியால் கீறிப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனைதான் காரணம் தூசி உண்ணி என்று காட்டியது.

உடனே காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வாங்கினேன். அதன் திரையில் பி.எம். 2.5 அளவு, அதாவது 2.5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகாத நுண்துகள்களின் அளவு, பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்க, நான் அதன் அருகிலேயே அமர்ந்து தும்மிக்கொண்டிருந்தேன்.

தூசி உண்ணி, சிலந்தியின் இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் உயிர். நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். அது கடிப்பதில்லை, நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு முக்கிய மூலம் இதுவே என்பதை நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள் 1964-இல் எடுத்துக்காட்டினர். உண்மையில் நம்மைத் தொல்லைப்படுத்துவது பெரும்பாலும் அதன் கழிவுதான். ஓர் உண்ணி நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கழிவு உருண்டைகளை இடுகிறது. அவற்றிலுள்ள டெர் பி 1 என்னும் புரதம் செரிமான நொதியாக இருப்பதால், மூச்சுப்பாதையின் உட்படலத்தில் செல்களை இறுக்கிப் பிணைத்திருக்கும் இணைப்புகளையே அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. ஒவ்வாமை உள்ளவரின் உடல் அதை எதிரியாகக் கருதி ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்க, மூக்கில் தும்மலும் மூச்சுக்குழாயில் ஆஸ்துமாவும் கிளம்புகின்றன.

இந்த உருண்டைகள் பெரும்பாலும் 10 முதல் 40 மைக்ரான் வரை பருமனுள்ளவை. அதாவது, என் கருவி அளந்துகொண்டிருந்த துகள்களின் வரம்புக்கே அவை வெளியே இருந்தன. படுக்கையை உதறும்போது எழுந்து, கனம் காரணமாக அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் படிந்துவிடும் இவற்றைச் சுத்திகரிப்பான் எப்படிப் பிடிக்கும்? தலையணையில் முகம் புதைத்து இரவெல்லாம் உறங்குபவனின் மூக்குக்கும் அந்தக் குவியலுக்கும் இடையே வடிகட்டி எதுவும் இல்லை.

உண்ணி நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அறையின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறண்டு மடிகிறது. விரிப்புகளையும் உறைகளையும் வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது உண்ணியைக் கொல்வதோடு கழிவையும் அகற்றுகிறது. குளிர்பெட்டியில் உறைய வைத்தால் உண்ணி சாகும், கழிவுப் புரதம் அப்படியே இருக்கும் என்பதால், பொம்மைகளை அப்படிச் செய்பவர்கள் பின்னர் துவைக்கவும் வேண்டும்.

இவற்றுள் ஏதோ ஒன்றை மட்டும் செய்து குணத்தை எதிர்பார்ப்பது வீண். மெத்தைக்கு நெருக்கமான நெசவுள்ள உறை மட்டும் போட்ட ஆஸ்துமா நோயாளிகளிடம் ஆய்வுகள் பெரிய பலன் எதையும் காணவில்லை. எனக்கு வெந்நீர்த் துவைப்பு, உறை, ஈரநீக்கி மூன்றும் சேர்ந்தபோதுதான் தும்மல் மூன்று நான்காகக் குறைந்தது. மிச்சத்துக்கு, மருத்துவர் சொன்னபடி, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு தெளிப்பான் தொடர்கிறது. சுத்திகரிப்பான் பரணில் தூசி படிந்து கிடக்கிறது.