கிளைவ் புதைக்கப்பட்ட ஊரில்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிறந்தவனுக்கு, இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சிக்கு அடித்தளமிட்ட ராபர்ட் கிளைவ் என்ற பெயர் பள்ளிக்கூடம் போகும் முன்பே காதில் விழுந்துவிடும். கெடிலம் ஆற்றையொட்டிச் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்கள் கிடக்கின்றன. "கிளைவ் இருந்த கோட்டை" என்று பெரியவர்கள் கைகாட்டுவார்கள். அவரை எங்கே புதைத்தார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. இந்தக் கோடையில் அந்த இடத்துக்கே போய் வந்தேன்.

என் மகள் இங்கிலாந்தில் ஸ்டோக் ஆன் டிரென்ட் நகரில் செவிலியராக இருக்கிறாள். "லண்டனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அப்பா, உங்கள் கிளைவ் ஊர் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது" என்று அவளே காரை எடுத்தாள். ஷ்ராப்ஷையர் மாவட்டத்தில் மார்க்கெட் டிரேட்டன் என்ற சிறு நகரம். அதைத் தாண்டி மேற்கே மூன்று மைல் போனால் மோர்ட்டன் சே. எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும், பாதை அவ்வளவு குறுகல். ஒரு தேவாலயம், ஒரு தொடக்கப்பள்ளி, கொஞ்சம் வீடுகள். மற்றதெல்லாம் புல்வெளியும் பசுமாடுகளும்தான்.

புனித மார்கரெட் தேவாலயம் வெளியிலிருந்து பார்க்கச் செங்கல் கட்டடம். உள்ளிருப்பது அதைவிடப் பழைய இடைக்காலக் கோயில். 18ஆம் நூற்றாண்டில் அதைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே ஒரு மூதாட்டி பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். கிளைவ் என்றதுமே சுவரில் இருந்த நினைவுப் பலகையின் முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். பெயர், 1725 செப்டம்பர் 29 என்ற பிறந்த நாள், 1774 நவம்பர் 22 என்ற இறந்த நாள், இந்தியாவில் முதன்மையானவர் என்று லத்தீனில் ஒரு புகழுரை. இந்தத் தேவாலயத்தின் சுவர்களுக்குள் புதைக்கப்பட்டார் என்றும் எழுதியிருக்கிறது. எந்த இடத்தில் என்று இல்லை.

நான் வாழ்நாளெல்லாம் பத்திரம் எழுதியவன். செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை, சொல்லாமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூட எழுதிக் கொடுத்ததில்லை. இங்கேயோ நான்கு பக்கமும் சுவர் இருக்கிறது, நடுவே இடம் மட்டும் தெரியவில்லை. கிளைவ் லண்டன் வீட்டில் நாற்பத்தொன்பது வயதில் இறந்தார். தற்கொலை என்றே பலரும் நம்பினார்கள். அதனால்தான் அடையாளக் கல் வைக்காமல் அடக்கம் செய்தார்கள் என்பது அங்கே வழங்கும் பேச்சு. தரைக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எந்தக் கல்லின் மேல் கால் வைக்கிறோம் என்று தெரியாத அந்த நடை என்னை உலுக்கிவிட்டது.

அந்த அம்மாள் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். மகளிடம் பேனா வாங்கி, ஒரு தாளில் கடலையும் கெடிலத்தையும் கோட்டையையும் வரைந்து காட்டினேன். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மராட்டியரிடம் அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். அப்போது எலிஹு யேல் சென்னையின் கவர்னர். பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை நிலம் தங்களுடையது என்பது பேச்சு. சுட்டார்கள், ஊர் ஊராக எல்லைக்குள் வந்து விழுந்தன. குண்டு உப்பலவாடி என்ற பெயரை எத்தனையோ பத்திரங்களில் என் கையால் எழுதியிருக்கிறேன். மகள் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் பூச்சாடியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, மாறுவேடத்தில் தப்பி கிளைவ் வந்து சேர்ந்தது எங்கள் கோட்டைக்குத்தான். கணக்கு எழுதும் குமாஸ்தா ராணுவத்தில் சேர்ந்து ஆளானது அங்கிருந்துதான். 1756இல் அதே கோட்டைக்குத் தலைவராகத் திரும்பினார். அங்கிருந்துதான் வங்கத்துக்குக் கூப்பிட்டார்கள், அடுத்த ஆண்டே பிளாசிப் போர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. மோர்ட்டன் சேயின் பலகையில் கடலூர் என்ற பெயரே இல்லை.

கிளைவ் பிறந்த ஸ்டைச் மோர்ட்டன் சேக்கு அருகில்தான் இருக்கிறது. இப்போது நிற்கும் மாளிகை 1760களில் கட்டப்பட்டது. தனியார் குடியிருப்பு என்பதால் தூரத்தில் நின்று பார்த்தோம். மார்க்கெட் டிரேட்டனில் புனித மேரி தேவாலயத்தின் கோபுரத்தில் சிறுவன் கிளைவ் ஏறி, மழைநீர் வடியும் கல்முகத்தின் மேல் உட்கார்ந்தான் என்று கதை சொல்கிறார்கள். பையன்களைச் சேர்த்துக்கொண்டு கடைக்காரர்களை மிரட்டிக் காசு வாங்கினான் என்பது இன்னொரு கதை. அதைச் சொல்லும்போது அங்கே எல்லோரும் புன்னகைக்கிறார்கள். பிளாசிக்குப் பின் வங்கத்தில் அவர் குவித்த செல்வத்தையும், 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் படித்த எனக்குப் புன்னகை வரவில்லை. அதே மாவட்டத்தின் ஷ்ரூஸ்பரி நகரச் சதுக்கத்தில் அவருக்கு 1860இல் வைத்த வெண்கலச் சிலை இருக்கிறது. 2020இல் அதை அகற்றக் கோரிப் பலர் கையெழுத்திட்டார்கள். சிலை அங்கேயே நிற்கிறது.

மார்க்கெட் டிரேட்டன் இஞ்சி ரொட்டிக்குப் பேர்போன ஊர். விரல் நீளத்துக்கு, கெட்டியாக, கடித்தால் நறுக்கென்று முறிகிறது. முதலில் சர்க்கரை, கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் சுக்கின் காரம். மனைவிக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன், அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

விடைபெறும்போது அந்த அம்மாள், கோட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் தேவாலயத் துண்டுப் பிரசுரங்களோடு வைப்பதாகச் சொன்னார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எழுதினேன்: 1690, 1746, 1756, 1758, பீரங்கிக் குண்டு விழுந்த ஊர்கள், அங்கே இன்றும் வாழும் மீனவர்களும் விவசாயிகளும். மகள் மொழிபெயர்த்து அனுப்பிவிட்டாள். அதன் தமிழ்ப் படியோடு, அந்தத் தேவாலயம் எங்கே இருக்கிறது, கல்லறை ஏன் தெரியவில்லை என்று நான்கு வரி சேர்த்து, எங்கள் பகுதிப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப்போகும் நாளில் என்னையும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.