நாலாம் நாளை நினைத்து மூட்டை கட்டுங்கள்

ஏழு இரவு, பதினேழு பதினெட்டுச் சுழியோட்டம். மாலைதீவில் படகிலேயே தங்கி, படகிலேயே சாப்பிட்டு, முருகைக்கல் பார்களில் இறங்கி ஏறும் சஃபாரிப் பயணத்தின் வழமையான கணக்கு இதுதான். நிலாவெளிக்குப் போய்ப் புறாத்தீவில் இரண்டு தரம் இறங்கிவிட்டு வீடு திரும்புவதோடு இதை ஒப்பிட வேண்டாம். சஃபாரியில் முதல்நாள் உடம்பில் ஏறியது இரண்டாம் நாளுக்கும் போகும். நைதரசன், களைப்பு, நீரிழப்பு, காதுக்குள் ஊறிய ஈரம் எல்லாம் நாளுக்கு நாள் சேரும். என் கணிப்பில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது நாலாம் நாளில். பழகிவிட்டது என்ற நினைப்பும் உடம்பின் அலுப்பும் அன்றைக்குத்தான் ஒன்றாக வந்து நிற்கும். கீழே உள்ள எல்லாமே அந்த நாளுக்கான ஆயத்தம்.

முதலில் நைதரசன். ஆழத்தின் அழுத்தத்தில், சுவாசிக்கும் காற்றில் உள்ள நைதரசன் உடம்பில் கரைந்து சேரும். கெதியாக மேலே வந்தால் அது குமிழி கட்டும். ஆழத்தையும் நேரத்தையும் வைத்து இதைக் கணக்கிடும், கையில் கட்டும் டைவ் கொம்பியூட்டர்கள் பலவற்றுக்கு அடிப்படையான பூல்மன் முறை உடம்பைப் 16 பகுதிகளாக வைத்துக் கணக்குப் பார்க்கிறது. மிக வேகமான பகுதியில் நைதரசன் பாதியாகக் குறைய நாலைந்து நிமிடம் காணும். மிக மெதுவான பகுதிக்கு 635 நிமிடம் வேண்டும், அதாவது பத்தரை மணித்தியாலம். பின்னேரம் ஆறு மணிக்கு மேலே வந்து அடுத்தநாள் காலை ஆறு மணிக்குத் திரும்ப இறங்கினால், அந்த மெதுவான பகுதியில் சேர்ந்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் வெளியேறியிருக்கும். மிச்சத்துக்கு மேலே புதியது ஏறும். எங்கள் கரையில் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கு இறங்குகிற தொழிலாளர்கள் மூட்டு நோவிலும் கால் விறைப்பிலும் விழுவதற்கும் இதே கணக்குத்தான் காரணம்: ஒரு நாளில் பல சிலிண்டர், இடையில் போதிய ஓய்வில்லை, கெதியாக மேலே வருவது. அவர்கள் அதை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார்கள். விடுமுறைக்குப் போகிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஆகவே ஆளுக்கொரு கொம்பியூட்டர், முதல் இறக்கத்தில் இருந்து கடைசி இறக்கம் வரை அதே கொம்பியூட்டர். துணையாளின் கையைப் பார்த்து மேலே வருவது காணாது, அவர் உங்களைவிட இரண்டு மீற்றர் மேலே நின்றிருப்பார். நடுவில் பற்றரி செத்தால் இன்னொன்றை இரவல் வாங்கிக் கட்டாதீர்கள். அதற்கு உங்கள் உடம்பில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாது. 24 மணித்தியாலம் இறங்காமல் இருந்து, பிறகு புதிதாகத் தொடங்க வேண்டும். வெளிக்கிடும் முன் பற்றரி மாற்றுங்கள்.

நைற்றொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய காற்று, அதற்கான பயிற்சியை முடித்துவிட்டுப் போவது நல்லது. 32 வீத ஒட்சிசன் கலந்த வாயுவோடு 30 மீற்றரில் நிற்கும்போது, சாதாரண காற்றோடு 24 மீற்றர் சொச்சத்தில் நிற்கும் அளவு நைதரசன்தான் உடம்பில் ஏறும். ஒட்சிசன் அழுத்தம் 1.28 பார் (பார் என்பது அழுத்த அலகு). கூடினால் ஒட்சிசனே நஞ்சாகும் என்பதால் வைத்த எல்லையான 1.4க்குள் இருக்கிறது. மாலைதீவில் பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு 30 மீற்றர் எல்லை இருப்பதால் 32 அங்கே சரியாகப் பொருந்துகிறது. 36 வீதம் என்றால் 29 மீற்றரிலேயே 1.4 வந்துவிடும். ஆனால் நைற்றொக்ஸ் கிடைத்த சந்தோசத்தில் அதிக நேரம் கீழே நின்றால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

சிலிண்டரில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று நீங்களே அளந்து பாருங்கள். கருவியைக் காற்றில் பிடித்து 20.9க்குச் சரிசெய்யுங்கள். வால்வை மெல்லத் திறந்து, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லீற்றர் போகுமாறு விட்டு, இலக்கம் அசையாமல் நிற்கும் வரை பொறுங்கள். வீதம், அதிகபட்ச ஆழம், திகதி, பெயர் நான்கையும் ரேப்பில் எழுதி ஒட்டுங்கள். பிறகு கொம்பியூட்டரில் அதே வீதத்தைப் போடுங்கள். இந்தக் கடைசிப் படியில்தான் பிழை வரும். சில கொம்பியூட்டர்கள் ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகோ நள்ளிரவிலோ தானாக 21க்குத் திரும்பும். அதைவிட மோசம், சிலிண்டரில் 28 இருக்க கொம்பியூட்டரில் நேற்றைய 32 கிடப்பது. அது உங்களுக்கு இல்லாத நேரத்தை இருப்பதாகக் காட்டும்.

காற்றுக் கணக்கையும் கரையிலேயே போட்டுப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர் 11.1 லீற்றர் கொள்ளும். 200 பாருக்கு நிரப்பினால் 2,220 லீற்றர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் 20 மீற்றரில் 60 லீற்றர் இழுப்பார். 50 பாரை ஒதுக்கி வைத்தால் மிச்சம் 1,665 லீற்றர், 28 நிமிடம் கூட இல்லை. நீரோட்டத்தில் முக்கி நீந்தினால் இதுவும் குறையும். குழுவில் முதலில் காற்று முடிகிறவர் நீங்கள் என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, 15 லீற்றர் சிலிண்டரை முன்கூட்டியே கேட்டு வாடகைக்கு எடுங்கள். இந்த அலுமினியச் சிலிண்டர் காற்று முடிய முடிய இலேசாகி மிதக்கத் தொடங்கும். நிரம்பியிருக்கும்போது உங்களைக் கீழே வைக்கச் சரியாக இருந்த ஈயப் பாரம், மேலே வரும்முன் பாதுகாப்புக்காக 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கும் வேளையில் போதாமல் வரும். முதல்நாள் சோதனை இறக்கத்தின் முடிவில், 50 பாரில், 5 மீற்றரில், பீ.சீ.டி.யை (காற்றூதி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) காலியாக்கி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். மேலே இழுத்தால் ஒரு கிலோ கூட்டுங்கள்.

எந்த மாதம் போவது என்று கேட்டால் எங்கள் காற்றுகளை வைத்தே விளக்கலாம். வாடை வீசும் காலத்தில், பெரும்பாலும் சனவரியில் இருந்து ஏப்ரல் வரை, அங்கே நீரோட்டம் கிழக்கில் இருந்து மேற்கே பாயும். அற்றோல்களின், அதாவது வளையமாக நிற்கும் முருகைப் பார்களின், கிழக்குப் பக்கத்து வாய்க்கால்களில் தெளிந்த பெருங்கடல் தண்ணீர் உள்ளே வரும், சுறாக்கள் அங்கே நிற்கும். மேற்குப் பக்கத்தில் மிதவையுயிர்கள் கலங்கிச் சேரும், அவற்றைத் தின்ன மண்டா திருக்கைகள் அங்கே போகும். சோளகத்தில் எல்லாம் மறுபக்கம். பா அற்றோலின் ஹனிஃபாரு குடாவில் மண்டாக்கள் கூடுவது சோளகத்தில்தான். அங்கே சிலிண்டரோடு இறங்கத் தடை, மூச்சுக்குழாயோடு மட்டும் நீந்தலாம்.

சஃபாரிப் படகுக்குப் பின்னால் சிலிண்டரும் கொம்பிரெசரும் ஏற்றிய இன்னொரு படகு வரும். அதன் பெயர் டோனி. எங்கள் தோணியேதான், சொல் கடல் கடந்திருக்கிறது. இறங்குவது அதிலிருந்து. மூன்று சொற்கள் தெரிந்திருந்தால் விளக்கக் கூட்டம் எளிதாக விளங்கும். கண்டு என்பது அற்றோலின் விளிம்பை வெட்டிப் போகும் வாய்க்கால், திலா என்பது தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் குன்று, கிரி என்பது மேற்பரப்புக்குக் கிட்ட வரும் சிறு குன்று.

கண்டு இறக்கம்தான் சஃபாரியின் சிறப்பும் சிக்கலும். கடலில் இருந்து அற்றோலுக்குள் தண்ணீர் வரும் நேரத்தில்தான் இறங்க வேண்டும். கைவிட்டால் நீரோட்டம் உங்களை உள்ளே அமைதியான தண்ணீருக்குக் கொண்டுபோகும். வெளியே பாயும் நேரத்தில் கைவிட்டால் பெருங்கடல். வழிகாட்டி முதலில் குதித்துப் பார்த்துவிட்டு வந்து இறக்கத்தை நிறுத்தினால், அவரை மதியுங்கள்.

குதிக்கும்போது பீ.சீ.டி.யில் காற்றே இருக்கக்கூடாது. குதித்ததும் மேலே மிதக்காமல் நேரே கீழே போக வேண்டும், அரை நிமிடம் மேலே நின்றால் குழுவைத் தவறவிட்டுவிடுவீர்கள். படகு ஓரத்தில் வைத்தே, சிலிண்டர்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேற்றரில் மூன்று நான்கு தரம் இழுத்து, அழுத்தமானியின் முள் அசைகிறதா என்று பாருங்கள். இழுக்கும்போது முள் விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காது மெதுவாகத் திறக்கிறவர்கள் இந்த வகை இறக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. வழிகாட்டியிடம் முதலே சொல்லுங்கள், வேறு இடம் தருவார்.

வாய்க்கால் வாசலில் நின்று பார்க்கக் கொளுக்கி வேண்டும். ஒன்றரை மீற்றர் கயிறு, ஒரு முனையில் கொளுக்கி, மறுமுனை பீ.சீ.டி.யின் வளையத்தில். கையில் பிடித்துக்கொண்டு நின்றால் கை சோர்ந்துவிடும். கொளுக்கியைச் செத்த கல்லில் மட்டும் மாட்டுங்கள். நெடுந்தீவு மதில்களைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குச் செத்த கல் எது என்று சொல்லத் தேவையில்லை. சாம்பல் நிறக் கல்லில் பூப்போல வரிவரியாகச் சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது. கடலுக்குள் உயிருள்ள கல்லின் மேல் அந்த உயிர்கள் மெல்லிய தோல்போலப் படர்ந்து நிற்கும், நிறமும் வழுவழுப்பும் இருக்கும். அந்தத் தோல் ஒரு விரல்பட்டாலும் கிழியும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே ஆழம் குறைந்த இடங்களில் பெரும்பகுதி முருகை செத்தது. தப்பி வளர்ந்ததில் நாங்கள் போய்க் கால் வைக்கக்கூடாது.

மாட்டியதும் பீ.சீ.டி.யில் கொஞ்சம் காற்றுப் போடுங்கள், பட்டம்போல மேலெழுந்து கல்லில் முட்டாமல் நிற்பீர்கள். முகத்தை நீரோட்டத்துக்கு நேரே வையுங்கள். பக்கவாட்டில் திரும்பினால் தண்ணீர் கண்ணாடியைத் தள்ளி நிரப்பும், ரெகுலேற்றரும் தானாகப் பாயத் தொடங்கும். கழற்றும்போதுதான் கூடுதலாகப் பிழை வரும்: முதலில் பீ.சீ.டி.யைக் காலியாக்குங்கள், பிறகுதான் கொளுக்கி. காற்றோடு கழற்றினால் பட்டத்தின் நூலை அறுத்ததுபோல மேலே போவீர்கள். அதற்குப் பிறகு நீலத்தண்ணீரில் மிதந்தபடி, நீங்கள் நிற்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் எஸ்.எம்.பி. மிதவையை ரீல் நூலில் மேலே விடவேண்டும். நூல் சிக்கினால் ரீலைக் கைவிடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடாதீர்கள்.

காது. சஃபாரியைப் பாதியில் நிறுத்துவது சுறா அல்ல, காதுக்குழாயின் புண். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் காதைக் கழுவி, தலையைச் சரித்து வடியவிடுங்கள். வெள்ளை வினாகிரியும் மருத்துவ அற்ககோலும் சம அளவு கலந்து, காலையும் இரவும் சில துளி விட்டு ஐந்து நிமிடம் படுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இது கூடாது. காதுமடலை இழுக்கும்போது நோகிறதா? புண் தொடங்கிவிட்டது, அன்றைக்கு இறங்காதீர்கள். தடிமனுக்கு மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் பிழை. கீழே மருந்தின் வேகம் முடிந்தால் மேலே வரும்போது காற்று காதுக்குள் அடைபடும்.

28 பாகைத் தண்ணீர் முதல்நாள் இதமாக இருக்கும். நாளுக்கு மூன்று மணித்தியாலம் ஊறினால் நாலாம் நாள் குளிரும். 3 மில்லிமீற்றர் உடையோடு தலைக்கு ஒரு தொப்பியும் எடுங்கள். மூத்திரம் மஞ்சளாகப் போனால் தண்ணீர் காணாது. பியர் குடித்தால் அன்றைய இறக்கம் அத்தோடு முடிந்தது. நாலாம் நாள் ஓர் இறக்கத்தை விட்டுவிட்டு மேல்தளத்தில் படுத்து நித்திரை கொள்வது பயணத்திலேயே நல்ல முடிவாக இருக்கலாம்.

காசு கட்டும் முன் படகுக்காரரிடம் இரண்டு கேள்வி. ஒன்று, ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது? உடம்பில் குமிழி கட்டியவருக்கு நிமிடத்துக்கு 15 லீற்றர் தூய ஒட்சிசன் கொடுக்க வேண்டும். 150 பார் உள்ள 5 லீற்றர்ச் சிலிண்டர் 50 நிமிடத்தில் முடியும். தென் ஆரி அற்றோலில் இருந்து தலைநகர் மாலேக்குக் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர், இரவில் கடல்விமானம் பறக்காது. இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறைகளில் ஒன்று மாலேக்குப் பக்கத்தில் பண்டோஸ் தீவில் இருக்கிறது. அதுவரை காணும் அளவு இருக்க வேண்டும். மூட்டு நோ, விறைப்பு, தோலில் புள்ளி, காரணமில்லாத பெருங்களைப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சுழியோட்டக் காப்புறுதி இல்லாமல் போகாதீர்கள்.

மற்றது, இரவில் யார் விழித்திருக்கிறார்? 2019 செப்ரெம்பர் 2ஆம் திகதி கலிபோர்னியாக் கடலில் கொன்செப்ஷன் என்ற சுழியோட்டப் படகு எரிந்து, கீழ்த்தளத்தில் நித்திரையில் இருந்த 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவல் இருக்கவில்லை. கீழே இருந்து வெளியேறும் இரண்டு வழியும் தீப்பிடித்த அதே அறைக்குத்தான் போயின. ஏறின அன்றே உங்கள் அறையில் இருந்து இரண்டாவது வழி எங்கே திறக்கிறது என்று நடந்து பாருங்கள். ரோச், கமரா பற்றரிகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டு நித்திரை கொள்ளாதீர்கள்.

கடைசி இறக்கத்துக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணித்தியாலம், இத்தனை நாளுக்குப் பிறகு 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளியில் பயிற்சிக்கு இறங்கிவிட்டு அன்றே, காற்றழுத்தம் குறைந்த 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏறுவதும் விமானம் ஏறுவது மாதிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் ரெகுலேற்றரை ஊறப்போட்டுவிட்டு விடாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக் கல் நிலத்துத் தண்ணீர் கேத்தல் அடியில் விடும் அதே வெள்ளைக் கல்லை வால்வுக்குள்ளும் விடும். உப்புப் போக அதில் கழுவலாம், கடைசி அலசல் மழைத்தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ. ரெகுலேற்றரில் சிலிண்டரோடு பூட்டும் பகுதியான முதல் நிலையின் தூசுமூடியைத் துடைத்துக் காயவைத்து இறுக்கிய பிறகே தண்ணீருக்குள் வையுங்கள். ஊறும் வேளையில் ஊதும் பொத்தானை அமத்தாதீர்கள், அமத்தினால் தண்ணீர் குழாய் வழியே உள்ளே ஏறும். பிறகு நிழலில், குழாய்கள் மடியாமல், தொங்கவிடுங்கள்.